மாயவன் மேஸ்திரியின் லப்பம்

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலையோரம் இருக்கும் பாடி பட்டறைகளில் மாயவன் மேஸ்திரியின் பட்டறைக்கு மட்டும் பெயர்ப்பலகை கிடையாது. தேவையும் இல்லை. லாரியோ, வேனோ, டிராக்டர் டிரெய்லரோ, நசுங்கிப்போய் உள்ளே போவது கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெளியே வரும். அந்த மினுமினுப்புக்குக் காரணம் பெயிண்ட் அல்ல, அதற்கு அடியில் இருக்கும் லப்பம் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பள்ளம், ஓட்டை, வெல்டிங் தழும்பு அத்தனையையும் மூடிச் சமன்படுத்தும் பசை அது. காய்ந்தால் கல். மாயவன் லப்பம் வைத்த இடத்தில் கன்னத்தை வைத்துத் தேய்த்தாலும் நெருடாது என்பார்கள். அவர் கையைவிட்டுப் போன வண்டி அதே குறைக்காகத் திரும்பி வந்ததில்லை என்றும் சொல்வார்கள்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டறைக்குப் பின்னால் உள்ள வீட்டில் தங்கை கொளஞ்சியம்மாளோடு குடியிருக்கிறார். அவள் கார், பஸ் சீட்டுகளுக்கு உறை தைக்கிறாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கிய டிரெய்லர் கழன்று பள்ளத்தில் கவிழ்ந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த அவள் புருஷன் நாராயணசாமி அங்கேயே போய்விட்டார். கொளஞ்சியம்மாளுக்குப் பிள்ளை இல்லை. மாயவன் தனக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தங்கையைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார்.

ஊர் இன்றைக்கும் அதைச் சொல்கிறது. பந்தியில் பக்கத்து இலைக்காரர், "அண்ணன்னா மாயவன் மாதிரி இருக்கணும்" என்று அவர் காதுபடவே சொல்வார். உடனே மாயவன் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். தற்பெருமை பிடிக்காத மனுஷன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன ஆவணியில் அந்தப் பட்டறைக்கு ஒரு படகு வந்து சேர்ந்தது.

டயர் கடை பஷீர் அகமது கோமுகி அணையில் உல்லாசப் படகு விட அனுமதி வாங்கியிருந்தார். காலால் மிதிக்கிற வாத்துப் படகு அவருக்குப் பிடிக்காது. கடலூர் பழைய துறைமுகத்தில், மணலில் ஆறு வருஷமாகக் கிடந்த ஒரு மரப்படகை வாங்கி, நீள டிரெய்லர் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இருபத்தாறு அடி நீளம். நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்த அறை. அறைக்குள் எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள், ஒரு சின்ன அடுப்பு மேடை, பின்பக்கம் தரைக்கடியில் இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். ஒரு காலத்தில் யாரோ வசதியானவர் குடும்பத்தோடு கடலில் போய்வர வைத்திருந்தது.

"இன்னா பாய், படகுன்னு சொல்லிட்டு விறகு ஏத்திக்கினு வந்திருக்கீங்க" என்றான் பெயிண்டர் கவியரசன். நாற்பது வயதாகியும் வாயடக்கம் வராதவன்.

"கேபின் வச்ச போட்டுடா இது. உள்ள எட்டுப் பேர் உக்காரலாம். ரெண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம்."

"படுத்தா நட்சத்திரம் தெரியும் பாய். பலகைக்கு நடுவுல பாருங்க."

பொய் இல்லை. வெயிலில் காய்ந்து பலகைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தன. சில இடங்களில் ஒரு பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகலாம்.

மாயவன் படகை மூன்று சுற்றுச் சுற்றினார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு நிஜமான கவலையோடு கேட்டார். "பாய், பிரேக்கு எங்க இருக்குது?"

பஷீர் அகமது அதை ஒரு வாரம் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் வேலையை வேறு யாரிடமும் கொடுக்க அவருக்கு மனசில்லை. "லாரின்னு நெனச்சுக்கினு பாரு மேஸ்திரி. சக்கரம் மட்டும் கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பேச்சுதான் பின்னால் வினையாகிப்போனது. மாயவன் அப்படியே, லாரி என்று நினைத்துக்கொண்டுதான் பார்த்தார்.

நாலு மாதம் அந்தப் படகோடு அவர் வாழ்ந்தார் என்றே சொல்ல வேண்டும். இன்ஜினை இறக்கிப் பிரித்து, பிஸ்டன் ரிங்கு மாற்றி, டீசல் டேங்கைச் சுரண்டிக் கழுவினார். ரேடியேட்டரைத் தேடி ஒரு நாள் முழுக்க அலைந்து, வெளித் தண்ணீரையே உறிஞ்சி இன்ஜினைக் குளிரவைக்கிற குழாயைக் கண்டுபிடித்தபோது, "நல்ல மூளைக்காரன் செஞ்சது" என்று மெச்சிக்கொண்டார். ஓட்டைக் குழாய்களை மாற்றினார். எலி கடித்த வயர்களையெல்லாம் உருவிவிட்டுப் புது வயர் இழுத்தார். அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ள மோட்டார் வைத்தார். கூரையில் விளக்கு, பக்கவாட்டில் கைப்பிடிக் கம்பி, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை மாட்ட வரிசையாகக் கொக்கி. கொளஞ்சியம்மாள் வந்து இருக்கைகளுக்கு அளவெடுத்துப் போய், நீலத்தில் வெள்ளைப் பட்டை வைத்து மெத்தை உறை தைக்க ஆரம்பித்தாள்.

எல்லாவற்றையும்விட லப்பம். பலகை இடுக்குகளில் மக்கிக் கிடந்த பஞ்சையும் கருப்புப் பிசினையும் குடைந்து எறிந்துவிட்டு, இரண்டு டப்பாவைக் கலந்து வைத்தால் கல்லாக இறுகும் லப்பத்தை அங்குலம் அங்குலமாக அடைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மறுபடி ஒரு பூச்சு, மறுபடி தேய்ப்பு. கடைசியில் எங்கே ஒரு பலகை முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. கவியரசன் வெள்ளை அடித்து, பின்பக்கம் லாரிக்கு எழுதுகிற பழக்கத்தில் 'ஹாரன் அடிக்கவும்' என்று எழுதிவிட்டு, ஏச்சு வாங்கி அழித்தான். காணும் பொங்கலன்று அணைக்கு வருகிற கூட்டத்தை ஏற்றிக்கொண்டு படகு ஓடும் என்று பஷீர் அகமது நோட்டீஸ் போட்டுவிட்டார்.

மார்கழி பிறந்த முதல் வாரம், ஜன்னல் திரைக்குத் துணி காட்ட பஷீர் அகமதின் மனைவி தாஹிரா வந்தார். பரங்கிப்பேட்டைக்காரர். அவருடைய தகப்பனார் படகுகள் வைத்திருந்தவர். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் மருமகளாக இந்த ஊருக்கு வந்தபின் அவர் படகைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. கேட்பாரும் இல்லை.

அவர் திரைத்துணியைக் கொளஞ்சியம்மாளிடம் கொடுத்துவிட்டு, படகின் வயிற்றைத் தடவிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்று நகத்தால் சுரண்டினார்.

"மாயவண்ணே, கலப்பத்து எங்க?"

"அது இன்னாம்மா?"

"பலகைக்கு நடுவுல பஞ்சைத் திரிச்சு அடிச்சு, மேல குங்கிலியம் காய்ச்சி ஊத்தறது. அத எடுத்துட்டு இன்னா வச்சிருக்கீங்க?"

"அது மக்கிப் போயிருந்துச்சும்மா. லப்பம் வச்சிருக்கேன். சுத்தியால அடிச்சாலும் பேராது."

"அதான்ணே தப்பு." அவர் குரலை உயர்த்தவில்லை. "மரம் தண்ணி குடிக்கும். குடிச்சா உப்பும். பலகையும் பலகையும் நெருங்கி அதுவா மூடிக்கும். பஞ்சுன்னா அமுங்கி வழி வுடும். நீங்க கல்லை வச்சு அடைச்சிருக்கீங்க. உப்புற மரம் எங்க போவும்? ஆணியப் புடுங்கிக்கும். இல்லாங்காட்டி பலகை வெடிக்கும். கரையில கட்டியிருக்கும்போது வெடிச்சாப் பரவாயில்ல. ஆளுங்களை ஏத்திக்கினு நடு அணைல போவறப்போ வெடிச்சா இன்னா பண்ணுவீங்க?"

பஷீர் அகமது சிரித்தார். "அவ பரங்கிப்பேட்டைய வுட்டு வந்து முப்பத்தஞ்சு வருஷம் ஆவுது மேஸ்திரி."

"அதுக்குள்ள மரம் மாறிடுச்சா?" என்றார் தாஹிரா. பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

ஒரு வீட்டுப் பொம்பளை வந்து நாலு மாத வேலையை நகத்தால் சுரண்டிவிட்டுப் போகிறாள் என்று மாயவனுக்குக் கோபம். ஆனால் அவர் தொழிலாளி. கோபத்தைக் கையில்தான் காட்டுவார். படகிலிருந்து கழற்றிய பழைய பலகையில் நாலு துண்டு அறுத்தார். இரும்புச் சட்டத்தில் இரண்டிரண்டாக நெருக்கி போல்ட்டு போட்டார். ஒரு ஜோடிக்கு நடுவில் தன் லப்பம் வைத்து, படகுக்குச் செய்ததுபோலவே மேலேயும் இழுத்து பெயிண்ட் அடித்தார். இன்னொன்றுக்கு நடுவில் வெறும் பஞ்சுத் திரி. இரண்டையும் டியூப் பஞ்சர் பார்க்கிற தொட்டியில் அமுக்கி, மேலே ஒரு கல்லை வைத்தார்.

"பலகைக்கு நேர்த்திக்கடனா மேஸ்திரி?" என்றான் கவியரசன்.

நாலாம் நாள் காலையில் எடுத்துப் பார்த்தார். பஞ்சு வைத்த ஜோடி நடுவில் மயிர் நுழையாமல் நெருங்கியிருந்தது. லப்பம் வைத்த ஜோடியில் லப்பம் அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. பக்கத்துப் பலகைதான் போல்ட்டு ஓட்டையிலிருந்து நீளவாக்கில் பிளந்திருந்தது. அந்தப் பிளவின்மேல் பெயிண்டும் லப்பமும் மட்டும் மெல்லிய தோல்போல ஒட்டிக்கொண்டிருந்தன. பார்த்த மாத்திரத்தில் முழுப் பலகை என்றுதான் தோன்றும்.

மாயவன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அதைப்போன்ற ஒரு தோலை அவர் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறார்.

இருபத்திரண்டு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாதது அது. நாராயணசாமியின் டிரெய்லர் கொக்கியை வெல்டிங் வைத்தது மாயவன்தான். ஒரு மாதத்தில் அந்த வெல்டிங்கில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விட்டது. வேறு வேலைக்கு வந்த வண்டியில் மாயவனே அதைப் பார்த்தார். தன் கைவேலை விட்டுப்போனதை மச்சானிடம் சொல்ல நாக்கு எழவில்லை. கிழங்கு அறுப்பு முடிந்து வண்டி சும்மா நிற்கும்போது சத்தமில்லாமல் மறுபடி வெல்டிங் வைத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டார். அதுவரைக்கும் விரிசல்மேல் கொஞ்சம் லப்பம் வைத்து, கருப்பு பெயிண்ட் அடித்து அனுப்பினார். ஆறாம் நாள் மலையில் கொக்கி விட்டது. பாரம் ஜாஸ்தி என்று எல்லோரும் முடிவுசெய்தார்கள். பள்ளத்தில் கிடந்த கொக்கியைத் திருப்பிப் பார்த்தவர் மாயவன் ஒருவர்தான்.

அவர் தங்கையைக் கூட்டிவந்தது அன்பால் மட்டும் அல்ல.

அன்று மத்தியானமே டயர் கடைக்குப் போனார். பிளந்த பலகையைப் பஷீர் அகமதின் மேஜைமேல் வைத்தார்.

"லப்பத்தை மொத்தமும் எடுத்துடணும் பாய். கலப்பத்துதான் வைக்கணும்."

"காணும் பொங்கலுக்கு ஒரு மாசம்கூட இல்ல மேஸ்திரி. ஊரு பூரா நோட்டீஸ் ஒட்டிட்டேன்."

"தண்ணில எறக்கினாலும் நாலு நாள் ஆள ஏத்தக் கூடாது. மரம் தண்ணி குடிச்சு மூடணும். அதுவரைக்கும் ஒழுவும்."

"ஒழுவுற போட்டை ஊர் எதிர்ல நிறுத்தச் சொல்றியா? ஒரு நாளைக்குத் தாங்காதா உன் லப்பம்? பொங்கல் முடிஞ்சதும் பிரிச்சுக்கலாம்."

'ஒரு நாளைக்கு', 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற வார்த்தைகளை மாயவன் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டவர்.

"தாங்கும் பாய். தாங்காமலும் போவும். நான் ஏத்தவுட மாட்டேன். வேற ஆளை வச்சுப் பாக்கறதுன்னா பாத்துக்கங்க. ஆனா இந்தப் பலகையை அணையில மாட்டி வச்சுட்டுதான் போவேன்."

கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து தாஹிராவின் குரல் வந்தது. "பஞ்சு நான் திரிச்சுத் தரேன்னு சொல்லுங்க."

பஷீர் அகமது பலகையை எடுத்து மாயவன் கையில் கொடுத்து, "ஆவட்டும் மேஸ்திரி, பிரிச்சுடு" என்றார்.

லப்பம் வைப்பது சுலபம், எடுப்பதுதான் கடினம் என்று மாயவனுக்கு அந்த மார்கழியில் தெரிந்தது. உளி, சின்னச் சுத்தி. வேகமாகத் தட்டினால் மரம் சிதையும். ஒரு நாளைக்கு மூன்று இடுக்குதான் முடிந்தது. தன் கைவேலை இத்தனை உறுதியாக இருக்கிறதே என்று அவருக்கே எரிச்சல் வந்தது.

மூன்றாம் நாள் மெத்தைகளை வைத்துப் பார்க்கக் கொளஞ்சியம்மாள் வந்தாள்.

"அழகா இருந்துச்சேண்ணா. ஏன் இப்படிக் குடைஞ்சு போடற?"

"உள்ள இருக்கறது வெளிய தெரியல. அதான்."

"தெரியலன்னா நல்லதுதானே."

மாயவன் உளியைக் கீழே வைத்தார். கவியரசன் சாப்பிடப் போயிருந்தான். அவர் அவளைப் பார்க்காமல், படகைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கொக்கியைச் சொன்னார். விரிசலைச் சொன்னார். லப்பத்தைச் சொன்னார். ஆறு நாளைச் சொன்னார். சொல்லி முடிக்க ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அத்தனை சின்ன விஷயத்தை இருபத்திரண்டு வருஷம் எப்படிச் சுமந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

கொளஞ்சியம்மாள் அழவில்லை. கையில் இருந்த கத்தரிக்கோலை மூடினாள். மெத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி மூட்டை கட்டினாள். தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. சோறு ஆக்கினாள். தட்டில் போட்டு மூடி வைத்தாள். வெந்நீர் போட்டாள். "சாப்புட வாண்ணா" என்ற ஒரு குரல் மட்டும் அந்த வீட்டில் இல்லாமல் போனது. தையல் மெஷின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. எதற்குத் தைக்கிறாள் என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

தாஹிரா வீட்டிலிருந்து எண்ணெயில் தோய்த்த பஞ்சுத் திரிகள் கூடை கூடையாக வந்தன. மாயவன் உளியின் முதுகால் அவற்றை இடுக்குகளில் தட்டி இறக்கினார். மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றினார். தேய்க்கவில்லை. பலகை எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று இப்போது குழந்தைகூடச் சொல்லிவிடும்.

வேலை பொங்கலன்றுதான் முடிந்தது. காணும் பொங்கல் காலையில் கிரேன் வைத்துப் படகைக் கோமுகி அணையில் இறக்கினார்கள். கரும்பும் புளியோதரையுமாக வந்திருந்த கூட்டம் கரை முழுக்க நின்று பார்த்தது. பஷீர் அகமது வாய் வலிக்க விளக்கம் சொன்னார். "இன்னிக்கு எறக்கறது மட்டும்தாங்க. ஓட்டறது நாலு நாள் கழிச்சு."

மாயவனுக்கு நீச்சல் தெரியாது. ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார். தரைப் பலகைகளைத் தூக்கி வைத்தார். படகுக்கு உள்ளே ஐம்பது அறுபது இடத்தில் தண்ணீர் கசிந்து வந்தது. சில இடத்தில் முத்து முத்தாக, சில இடத்தில் நூலாக. மத்தியானத்துக்குள் கணுக்கால் அளவு சேர்ந்துவிட்டது. மோட்டாரை ஓடவிட்டு, கையில் ஒரு சாக்பீஸை வைத்துக்கொண்டு, கசிகிற இடத்தையெல்லாம் வட்டம் போட்டார். கண்ணாடி ஜன்னல் வழியாகக் கரையில் நின்றவர்களுக்கு எல்லாம் தெரிந்தது.

"யோவ் மேஸ்திரி, போட்டுல தண்ணி போவுதா, தண்ணில போட்டு போவுதா?"

"நாலு மாசம் பாத்த வேலை இதானாய்யா?"

"வுடுங்கப்பா. அவரு போட்டுக்குள்ளயே ஒரு அணை கட்டிக்கினு இருக்காரு." இது கவியரசன். சொன்ன கையோடு ஒரு தூக்கில் டீ வாங்கி உள்ளே நீட்டினான்.

கையைவிட்டுப் போன வண்டி திரும்பி வராது என்ற பேச்சு அன்று சாயங்காலத்தோடு கள்ளக்குறிச்சியில் முடிந்துபோனது. மாயவன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஓட்டைகளை இத்தனை பேர் பார்க்க உட்கார்ந்திருப்பது அவ்வளவு சிரமமாக இல்லை என்பதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாம் நாள் நூல்கள் முத்துகளாயின. மூன்றாம் நாள் பாதி வட்டங்கள் காய்ந்தன. காய்ந்த வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். தாஹிரா ஒருமுறை வந்து, கரையில் நின்றபடியே தலையை அசைத்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் காலை, கச்சிராயபாளையம் பஸ்ஸிலிருந்து கொளஞ்சியம்மாள் இறங்கி வருவதை மாயவன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தலையில் மெத்தை மூட்டை. இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது அவள் அவரோடு பேசி.

அவர் கை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துத் தானே ஏறினாள். மூட்டையை இருக்கைமேல் வைத்தாள். பிரிக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தரைப் பலகை எடுத்திருந்த பள்ளத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு இடுக்கிலும் விரலை வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வட்டத்திலும் விரல் நின்றது. கோடு போட்டதிலும் நின்றது, போடாததிலும் நின்றது. அவள் தடவுவது பலகையை அல்ல என்று மாயவனுக்குத் தெரியும்.

இன்ஜினுக்கு அருகில், ஒரு குறுக்குச் சட்டத்துக்கு அடியில், அவள் கை நின்றது. விரலை எடுத்துப் பார்த்தாள். ஈரம். அங்கே வட்டம் இல்லை.

அவள் திரும்பாமலேயே பின்னால் கையை நீட்டினாள். அவர் சாக்பீஸைக் கொடுத்தார். அவள் குனிந்து, அந்த இடத்தைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள்.

"இங்க ஒண்ண வுட்டுட்ட" என்றாள்.

"பாக்கல" என்றார் மாயவன்.

"பாரு."

அவர் மண்டியிட்டுப் பார்த்தார். வட்டத்துக்கு நடுவில் ஒரு சொட்டு மெல்லத் திரண்டு நின்றது. அது விழுகிறதா என்று இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.